போக்கர் மேஜையில் டீலரின் வாய்: லாஸ் வேகாஸ் அறை ஒன்றில் நான்கு மாலைகள்

லாஸ் வேகாஸ் ஸ்டிரிப் சாலையில் உள்ள பெரிய விடுதி ஒன்றின் போக்கர் அறையில் அண்மையில் தொடர்ந்து நான்கு மாலைகள் ஆடினேன். நான்கு நாளும் ஒரே ஆட்டம்தான்: 1-3 டாலர் நோ லிமிட் டெக்சஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதல் மூன்று ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். 1, 3 என்பவை இருவர் சீட்டு பார்க்கும் முன்பே போட வேண்டிய கட்டாயப் பந்தயங்கள் (பிளைண்ட்); அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம். விடுதியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி ஒரு டீலர், அதாவது சீட்டு வழங்கும் விடுதி ஊழியர், ஆட்டத்தின் நடுவே ஒருவருக்கு ஆலோசனை சொன்ன தவற்றைப் பற்றியது. விடுதியின் பெயரும் நாளும் தெரிந்துவிட்டால் ஆளைக் கண்டுபிடிப்பது எவருக்கும் எளிது, மற்றொருவருடைய பிழைப்பில் மண் போடுவது என் நோக்கமன்று. அந்தத் தவறு ஒருவருடைய குணக்கேட்டால் நேர்ந்தது என்றும் நான் நினைக்கவில்லை. அந்த விடுதி நடக்கும் முறையிலேயே அதன் வேர் இருக்கிறது.

அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேஜைகள் ஒன்றுக்கொன்று முட்டாத இடைவெளியில் இருக்கின்றன, நாற்காலிகள் முதுகை வருத்துவதில்லை, புகை இல்லை, காத்திருப்போர் பட்டியல் ஒழுங்காக நகர்கிறது. ஒவ்வொரு பாட்டிலிருந்தும், அதாவது மேஜை நடுவில் குவியும் பந்தயத் தொகையிலிருந்து, 10 விழுக்காடு எடுக்கிறார்கள். உச்சவரம்பு 5 டாலர், ஜாக்பாட் நிதிக்கு மேலும் 2 டாலர். ஃப்ளாப் விழாமல் முடிந்துவிட்ட ஆட்டத்துக்கு ஒன்றும் எடுப்பதில்லை. காப்பி மட்டும் வாயில் வைக்கும்படி இல்லை. இவற்றுக்காக ஒருவர் இந்த அறையைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், தவிர்க்கவும் வேண்டாம்.

டீலர்களின் கைத்தொழிலில் குறை சொல்ல எனக்கு ஏதும் அகப்படவில்லை. சீட்டு வழங்குவது சீராக இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் மேல் சீட்டைத் தவறாமல் ‘எரித்தார்கள்’, அதாவது திறக்காமல் ஒதுக்கிவைத்தார்கள். இரண்டு மூன்று பேர் வெவ்வேறு தொகைக்கு ஆல்-இன் சென்று, அதாவது தம்மிடம் உள்ளதை எல்லாம் பந்தயம் வைத்து, பக்கப் பாட்டுகள் பிரியும்போதுகூட, சிப்களை, அதாவது பணத்துக்கு ஈடான வில்லைகளை, தனித்தனிக் குவியலாக்கி, இன்னது இன்னாருக்கு என்று சொல்லும் வேகம் பார்க்க அழகாக இருந்தது. ஆகவே நான் எழுதவிருப்பது கையைப் பற்றியது அன்று, வாயைப் பற்றியது.

முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல், தலையில் பிறந்தநாள் தொப்பியுடன் ஓர் இளைஞர் வந்து எனக்கு எதிரே அமர்ந்தார். அதுவரை கீழ்த்தளத்தில் பிளாக்ஜாக் ஆடிக்கொண்டிருந்ததாகவும், நேரடி மேஜையில் போக்கர் ஆடுவது இதுதான் முதல் முறை என்றும் அவரே சொன்னார். மேஜையில் இருந்த எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. (புதிதாக வருபவரைப் போக்கர் மேஜை விரும்புவதற்கு அன்பு மட்டும் காரணமன்று என்பதை இந்த ஆட்டத்தை ஆடுபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.) அரை மணி நேரம் கழித்து எனக்கு இரண்டு ராஜாக்கள் வந்தன, இரண்டும் கறுப்பு. 15 டாலராக உயர்த்தினேன். பிக் பிளைண்டில் இருந்த அந்த இளைஞரும், நடுவில் இருந்த இன்னொருவரும் தொடர்ந்தார்கள்.

ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ஒன்பது, ஆர்ட்டின் ஆறு, கிளாவர் இரண்டு. நான் 30 டாலர் வைத்தேன். நடுவில் இருந்தவர் விலகினார், இளைஞர் தொடர்ந்தார். டர்ன் சீட்டு கிளாவர் ஜாக். விடுதி எடுக்கும் கழிவு போக நடுவில் ஏறத்தாழ 100 டாலர் இருந்தது. நான் 70 வைத்தேன். இளைஞர் தம்முடைய இரண்டு சீட்டுகளின் ஓரத்தை மறுபடி தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு டீலர் பக்கம் திரும்பி, “நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்.

அந்த டீலருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்; கனிவான முகம். சிரித்துக்கொண்டே, “நடுவில் நிறையப் பணம் கிடக்கிறது. ஆர்ட்டினுக்காகக் காத்திருப்பவர் யாரும் இந்த விலைக்கு விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்” என்றார். இளைஞர் 70 டாலரை நகர்த்தினார். ரிவரில் ஆர்ட்டின் நான்கு விழுந்தது. இளைஞர் உடனே 100 டாலர் வைத்தார். நான் சற்று நேரம் யோசித்துவிட்டு ராஜாக்களைக் கவிழ்த்துத் தள்ளினேன். அவர் மகிழ்ச்சி தாங்காமல் தம் சீட்டுகளைத் திறந்து காட்டினார்: ஆர்ட்டின் ராணி, ஆர்ட்டின் ஐந்து. நடுவில் இருந்த மூன்றோடு சேர்ந்து ஐந்து ஆர்ட்டின்கள், அதாவது ஃப்ளஷ்; என் ராஜா ஜோடியை வெல்லும் கை. சிப்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டதும் 10 டாலரை டீலருக்குத் தள்ளினார். டீலர் அதை மேஜை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இதைப் படித்ததும், 115 டாலர் போன ஆத்திரத்தில் எழுதுகிறான் என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இளைஞருக்குத் தெரியாத சீட்டுகள் 46. அவற்றில் அவரைக் காப்பாற்றக்கூடிய ஆர்ட்டின்கள் 9. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. அவர் 70 டாலர் போட்டால் மொத்தம் 240 டாலருக்கு ஆடுகிறார்; அந்த விலை நியாயமாக இருக்க வேண்டுமானால் வாய்ப்பு 29 விழுக்காடாவது இருந்திருக்க வேண்டும், இருந்ததோ 20-க்கும் சற்றுக் குறைவு. ஆர்ட்டின் விழுந்த பிறகு என்னிடமிருந்து இன்னும் 110, 120 டாலராவது கறக்க முடிந்தால்தான் அவருக்குக் கணக்கு நேராகும். ஆக டீலர் சொன்ன ஆலோசனை தவறான ஆலோசனை. அதே நிலைமை நூறு முறை வந்து, நூறு முறையும் அவர் பேச்சைக் கேட்டு அந்த இளைஞர் பணம் போட்டால், நீண்ட கணக்கில் லாபம் எனக்குத்தான்.

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. டீலர் “ஆர்ட்டின்” என்ற சொல்லை உச்சரித்ததும் இளைஞருடைய முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்தச் சொல் விழாதிருந்தால், ரிவரில் அவர் வைத்த 100 டாலரை நான் பெரும்பாலும் கொடுத்திருப்பேன். இரண்டு ராஜாக்களை வைத்துக்கொண்டு ஒரு புதியவரிடம் விலகிப்போகும் அளவுக்கு நான் ஞானி அல்லன். எனவே அந்த ஒரு வாக்கியம் இளைஞரை 70 டாலர் போட வைத்தது, அவருக்கு வரவேண்டிய 100 டாலரைத் தடுத்தது, எனக்கு 100 டாலரை மிச்சப்படுத்தியது. யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று பிரித்துப் பார்க்கவே முடியாத அளவுக்கு அந்த ஆட்டம் கலங்கிப்போயிற்று. என் மனக்குறை இதுதான். ஆலோசனை சரியா தவறா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் மூன்றாவதாக ஒருவர் நுழைந்துவிட்டார், அவரோ இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக அமர்ந்திருக்க வேண்டியவர்.

சூதாட்ட விடுதியின் மற்ற மேஜைகளுக்கும் போக்கர் மேஜைக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் இது புரியும். சீட்டுகளின் கூட்டுத்தொகையை 21-ஐத் தாண்டாமல் நெருங்க வேண்டிய பிளாக்ஜாக்கில் நீங்கள் விடுதியோடு ஆடுகிறீர்கள். உங்கள் கையில் 13 இருக்க, டீலர் பக்கம் 6 தெரியும்போது, “இன்னொரு சீட்டு வேண்டாம், சார்” என்று டீலர் சொன்னால், அந்த அறிவுரையின் செலவு விடுதியின் பையிலிருந்து போகிறது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு அதனால் ஒரு காசும் குறைவதில்லை. விடுதிக்கும் அது பெரிய இழப்பன்று, ஏனெனில் சரியாக ஆடினாலும் சாய்வு அதன் பக்கமே இருக்கிறது. அதனால்தான் எந்தக் கைக்கு என்ன செய்வது என்று அச்சடித்த சிறு அட்டைகள் அந்த ஊர் விடுதிக் கடைகளிலேயே விற்பனைக்குக் கிடைக்கின்றன. அவற்றை மேஜையில் வைத்துக்கொண்டு ஆடுவதற்கும் பொதுவாகத் தடையில்லை. போக்கரில் விடுதிக்கு யார் வென்றாலும் ஒன்றுதான். அது தன் கழிவை எடுத்துக்கொண்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஒருவருக்குச் சொல்லும் அறிவுரையின் செலவு எதிரில் இருப்பவருடைய பையிலிருந்து போகிறது. விடுதி தன் பணத்தில் தாராளம் காட்டலாம். என் பணத்தில் காட்டக் கூடாது.

டிப்ஸ் முறை இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. பிளாக்ஜாக் போன்ற மேஜைகளில் எல்லா டீலர்களுக்கும் வரும் டிப்ஸ் பொதுவாக ஒரே பெட்டியில் சேர்ந்து பங்கிடப்படுகிறது. போக்கர் அறைகளில் பெரும்பாலும் அவரவருக்கு வந்தது அவரவருக்கு. அடிப்படைச் சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருக்கும். நெவாடாவில் 2024 ஜூலை முதல் அது மணிக்கு 12 டாலர். மீதி வருமானம் முழுவதும் பாட்டை வென்றவர் தள்ளும் ஒரு டாலர், இரண்டு டாலரில்தான். தோற்றவர் டிப்ஸ் கொடுப்பதில்லை. தாராளமாகக் கொடுக்கும் ஒருவர் வெல்வதால் டீலருக்கு நேரடியாக ஆதாயம் இருக்கிறது. நான் பார்த்த டீலர் அந்த 10 டாலரை எதிர்பார்த்துப் பேசினார் என்று நான் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவராகத் தோன்றவும் இல்லை. ஆனால் அவர் ஆலோசனை சொன்னார், அதைக் கேட்டவர் வென்றார், வென்றவர் 10 டாலர் கொடுத்தார் என்ற மூன்றும் மேஜையில் இருந்த ஒன்பது பேர் கண்முன்னால் அடுத்தடுத்து நடந்தன. சந்தேகம் பிறப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நல்ல டீலர் தன்னை அந்தச் சந்தேகத்துக்கு உட்படுத்திக்கொள்ளவே கூடாது.

இது என்னுடைய சொந்த நெறியும் அன்று. 2001-இல் தொடங்கப்பட்ட போக்கர் போட்டி நடத்துநர் சங்கத்தின் விதித்தொகுப்பை உலகின் பல அறைகள் பின்பற்றுகின்றன. ஒரு கைக்கு ஒரு ஆட்டக்காரர் என்பது அதில் உள்ள பழைய நெறி. ஆட்டத்தில் இருப்பவரும் சரி, விலகியவரும் சரி, உயிரோடு இருக்கும் கையைப் பற்றியோ கவிழ்த்த கையைப் பற்றியோ பேசக்கூடாது. எந்த நேரத்திலும் ஆலோசனை கூறவோ விமரிசிக்கவோ கூடாது. திறந்து வைக்கப்படாத கையைப் படித்துச் சொல்லக்கூடாது என்று அது விதிக்கிறது. பந்தயம் கட்டி ஆடுபவர்களுக்கே இந்தத் தடை என்றால், நடுவராக அமர்ந்திருப்பவருக்கு எந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நோ லிமிட் ஆட்டத்தில் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால்கூட டீலர் எண்ணிச் சொல்லக்கூடாது. சிப்களைப் பரப்பிக் காட்டலாம், அவ்வளவுதான். பாட்-லிமிட் ஆட்டத்தில் மட்டும் எண்ணிச் சொல்வார், ஏனெனில் அங்கே பந்தயத்தின் வரம்பே அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. எண்ணிக்கை என்ற உண்மையைச் சொல்வதிலேயே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும் மேஜையில், “நடுவில் நிறையப் பணம் கிடக்கிறது” என்ற அபிப்பிராயத்துக்கு எங்கே இடம்?

எங்கள் வீட்டுத் திருமணங்களில் மண்டபத்து மாடியில் ரம்மி ஆடும் பெரியவர்களுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவன் நான். “அதைப் போடாதே, பெரியப்பா” என்று ஒரு முறை வாய்தவறிச் சொல்லிவிட்டு மாடியிலிருந்தே இறக்கிவிடப்பட்டேன். பந்தயம் அங்கே பத்து ரூபாய்.

பார்வையாளர் உதவி எவ்வளவு பெரிய சர்ச்சையாக முடியும் என்பதற்கு 2024-இல் நடந்த போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியே சாட்சி. ஜோனதன் டமாயோ 1 கோடி டாலர் பரிசை வென்ற அந்த இறுதி மேஜையில், பார்வையாளர் வரிசையில் இருந்த அவருடைய நண்பர்கள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஆட்டங்களுக்கு இடையே அவருடன் பேசியது வெகு நாள் விவாதிக்கப்பட்டது. அவர் எந்த விதியையும் மீறியதாகத் தீர்ப்பாகவில்லை. ஆனாலும் ஆட்டக்காரர் பலருக்கு அது செரிக்கவில்லை. அங்கே பேசியவர்கள் ஒரு தரப்பின் நண்பர்கள் என்பது எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிந்தது. டீலர் பேசும்போது அந்த வெளிப்படைகூட இல்லை. அவருடைய சொல்லுக்கு மேஜையின் அதிகாரம் சேர்ந்துவிடுகிறது. புதியவர் அதை ஓர் ஆலோசனையாகக் கேட்பதில்லை, விதியாகக் கேட்கிறார்.

இனி இந்த அறையைப் புகழ வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் மாலை எங்கள் மேஜைக்கு வந்த டீலர் ஓர் இளம்பெண். அவருடைய அரை மணி நேரத்தில், வாயைத் திறக்க வேண்டிய இடம் எது, மூட வேண்டிய இடம் எது என்பதற்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன.

முதலாவது, புதிதாக வந்த ஓர் அம்மையார் 10 டாலர் பந்தயத்துக்கு எதிரே, ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு 25 டாலர் சிப்பைப் போட்டார். உயர்த்துவதாக அவருக்கு எண்ணம். வாய் திறக்காமல் ஒற்றைச் சிப்பைப் போட்டால் அது எவ்வளவு பெரிய சிப்பாக இருந்தாலும் வெறும் ‘கால்’தான், அதாவது எதிரில் உள்ள பந்தயத்துக்குச் சமமாகப் போட்டுத் தொடர்வதுதான் என்பது விதி. டீலர் “கால்” என்று அறிவித்து 15 டாலரைத் திருப்பிக் கொடுத்தார். அம்மையார் திகைத்தார். அந்த ஆட்டம் முடிந்து சீட்டுகள் கலக்கும் இயந்திரத்துக்குள் போகும் வரை டீலர் பேசவில்லை, பிறகு, மேஜை முழுவதற்கும் கேட்கும்படி, “உயர்த்துவதாக இருந்தால் சிப் மேஜையில் விழுவதற்கு முன்பே ‘ரெய்ஸ்’ என்று சொல்லிவிடுங்கள், மேடம், சொல்தான் கணக்கு” என்றார். இதனால் யாருக்கும் நட்டமில்லை. அடுத்த முறை அந்த அம்மையார் நினைத்ததைச் செய்ய முடியும், அவ்வளவுதான். உயர்த்தலாமா கூடாதா என்பதை அவர் தொடவே இல்லை.

இரண்டாவது இதைவிட நுட்பமானது. ரிவரில் பந்தயம் முடிந்து சீட்டுகளைக் காட்டும் நேரம். எதிராளி ஒன்பது-எட்டு இரட்டை ஜோடியைத் திறந்து வைத்துவிட்டார். அதே அம்மையார் தம் சீட்டுகளைக் கைக்குள் மறைத்து டீலருக்கு மட்டும் காட்டி, “இது போதுமா?” என்று கிசுகிசுத்தார். டீலர் பார்வையை அந்தச் சீட்டுகள் மீது ஓட்டவே இல்லை. “மேஜையில் திறந்து வையுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்” என்றார். அம்மையார் தயங்கித் திறந்தார். ஸ்ட்ரெய்ட், அதாவது எண் வரிசையில் ஐந்து சீட்டுகள்; இரட்டை ஜோடியைவிடப் பெரிய கை. அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. பாட் அவர் பக்கம் நகர்ந்தது.

சீட்டு தானே பேசும் என்பது இந்த ஆட்டத்தின் விதி. திறந்து வைக்கப்பட்ட கையை டீலர் சரியாகப் படித்தே தீர வேண்டும். உரியவர் கவனிக்காவிட்டாலும் வென்ற கைக்குத்தான் பணம். ஆனால் திறக்கப்படாத கை டீலருக்கு இல்லாத கை. அந்த அம்மையார் திறக்காமல் வீசியெறிந்திருந்தால், டீலர் மனம் பதைத்தாலும் வாயைத் திறந்திருக்கக் கூடாது. இவ்வளவு மெல்லிய கோட்டை அந்தப் பெண் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், அதே வேளையில் சிடுசிடுப்பும் இல்லாமல் கடைப்பிடித்தார். அந்த ஆட்டத்தில் எனக்குப் பங்கில்லை. இருந்தாலும் எழுந்துபோகும்போது அவருக்கு 5 டாலர் கொடுத்தேன்.

பழைய விதிகளில் டீலர் வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இருந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. உண்டுதான். ஏழு சீட்டு ஸ்டட் ஆட்டத்தில், திறந்த சீட்டுகளில் ஜோடி விழுந்தால் டீலர் அதை அறிவிப்பார். ஆனால் போக்கர் எழுத்தாளர் பாப் சியாஃபோனி தொகுத்து, பல அறைகள் ஏற்றுக்கொண்ட விதிகளில், ஸ்ட்ரெய்ட்டோ ஃப்ளஷ்ஷோ வரக்கூடும் என்பதை டீலர் அறிவிக்கக் கூடாது என்றே இருக்கிறது; குறிப்பிட்ட சில சிறு பந்தய ஆட்டங்களுக்கு மட்டும் விலக்கு. இந்த வேறுபாட்டை யோசித்து வகுத்தவருக்கு ஒரு வணக்கம். ஜோடி எல்லோர் கண்ணிலும் படுகிற உண்மை. வரக்கூடும் என்பது கணிப்பு. சிறு பந்தயத்துக்கு விலக்கு தந்ததிலும் நியாயம் இருக்கிறது: பொழுதுபோக்காக ஆடும் மேஜையில் எல்லோருக்கும் ஒன்றுபோலச் சொல்லப்படும் ஒரு குறிப்பு யாரையும் அழித்துவிடாது. 1-3 டாலர் மேஜையும் சிறு பந்தயம்தானே என்று சிலர் வாதிடலாம். ஒரே இரவில் 300, 500 டாலர் கைமாறும் மேஜையைச் சிறு பந்தயம் என்று என்னால் சொல்ல முடியாது. தவிரவும் அன்று அந்த டீலர் மேஜைக்குச் சொல்லவில்லை, கேட்டவருக்குச் சொன்னார்.

மூன்றாம் நாள் போக்கர் அறையில் இடம் கிடைக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கீழே இறங்கி பை கவ் போக்கர் மேஜையில் அமர்ந்தேன். முதல் நாள் நடந்ததன் வேர் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. பை கவ் என்பது பெயரளவில்தான் போக்கர். ஜோக்கர் சேர்த்து 53 சீட்டுகள், ஆளுக்கு ஏழு, அவற்றை ஐந்து சீட்டுக் கை, இரண்டு சீட்டுக் கை என்று பிரித்து வைக்க வேண்டும், ஐந்து சீட்டுக் கை மற்றதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். இரண்டு கையும் டீலரின் இரண்டு கையையும் வென்றால்தான் பணம். எனக்கு ராணி ஜோடியும் நான்கு ஜோடியும் வந்தன. சேர்த்தே வைப்பதா, பிரிப்பதா என்று குழம்பி டீலரிடம் கேட்டேன். “விடுதி முறைப்படி வைத்துத் தரட்டுமா, சார்?” என்று கேட்டு, நான் தலையசைத்ததும் ராணிகளை ஐந்து சீட்டுக் கையிலும் நான்குகளை இரண்டு சீட்டுக் கையிலும் வைத்தார். டீலர் தன் சொந்தக் கையைப் பிரிப்பதற்கு எழுதி வைக்கப்பட்ட அதே முறை அது. கேட்பவர் எவருக்கும் அதே உதவி கிடைக்கும். எதிர்த் தரப்பு விடுதியாக இருக்கும்போது இது மிகச் சிறந்த சேவை. பக்கத்து மேஜையில் அல்டிமேட் டெக்சஸ் ஹோல்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் டீலர், “ஆஸ் வந்தால் நான்கு மடங்கு போடுங்கள்” என்று ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் சரியான அறிவுரை. அதிலும் எதிரி விடுதிதான்.

இப்போது அந்தப் பிறந்தநாள் இளைஞரை நினைத்துப் பாருங்கள். மாலை முழுவதும் கீழே, இதே சீருடை அணிந்தவர்கள் அவரிடம், “இன்னொரு சீட்டு வேண்டாம்”, “இதை இரட்டிப்பாக்குங்கள்” என்று நட்போடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே வந்ததும் அதே சீருடைக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டார். அதில் அவர் தவறு என்ன? கீழே போக்கர் என்ற பெயரிலேயே இரண்டு மூன்று ஆட்டங்களில் டீலர் சொல்லித்தருகிறார். மேலே அதே பெயருள்ள ஆட்டத்தில் டீலர் ஊமையாகிவிட வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? டீலருக்கும் அதே சிக்கல்தான். அவர் பல ஆண்டுகள் பிளாக்ஜாக் மேஜையில் நின்றவர் என்று பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது. அங்கே அவர் வாங்கிய நல்ல பெயர், இங்கே அவரைத் தவறச் செய்தது.

இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க விடுதி ஒரு சிறு முயற்சிகூடச் செய்யவில்லை என்பதுதான் என் முறையீடு. முதல் நாளே இடைவேளையில் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அவர் எல்லோரிடமும் நட்பாகப் பழகுபவர், சார், புதியவர்கள் பயந்து ஓடிவிடக் கூடாது அல்லவா?” என்றார். பணத்தைத் திருப்பித் தர வழியில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. இரவு உணவுக்கு 20 டாலர் சீட்டு ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புதியவர்கள் பயந்து ஓடிவிடக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். இறுகிய முகத்துடன் ஒன்பது பேர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் மேஜை யாருக்கும் சுகமன்று. ஆனால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. அந்த ஊரிலேயே சில அறைகள் காலை வேளைகளில் இலவச வகுப்பு நடத்தி, அதை முடித்தவர்களைச் சிறு பந்தய மேஜையில் உட்கார வைத்ததுண்டு. அங்கே டீலர் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். உயிரோடு இருக்கும் கை ஏதும் இல்லை. அதுவும் முடியாவிட்டால், முதன்முதலாக வருபவரிடம் சிப் மாற்றிக் கொடுக்கும்போதே, “விதி எதுவானாலும் டீலரிடம் கேளுங்கள், என்ன செய்வது என்று மட்டும் கேட்காதீர்கள், அவர் சொல்லக் கூடாது” என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த இளைஞர் கேட்டே இருக்கமாட்டார். டீலரும் சங்கடமின்றித் தப்பியிருப்பார்.

ஆட்டம் முடிந்த பிறகு சொல்லும் ஆலோசனை பரவாயில்லையா என்றால், அதுவும் எனக்கு உவப்பில்லை. மூன்றாம் நாள் பின்னிரவில் வேறொரு டீலர், தோற்ற ஒருவரிடம், “ஃப்ளாப்பிலேயே உயர்த்தியிருந்தால் அவர் ஓடியிருப்பார்” என்றார். சொன்னது சரிதான். தோற்றவர் முகம் சிவந்து, பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். அவருடைய நாற்காலி வெகு நேரம் காலியாகக் கிடந்தது.

மதிப்பெண் என்று கேட்டால், டீலர்களின் கைத்தொழிலுக்கு ஐந்துக்கு ஐந்து, வசதிகளுக்கு நான்கு, காப்பிக்கு ஒன்று, மேஜை ஒழுக்கத்துக்கு இரண்டரை தருவேன். இரண்டாம் நாள் வந்த அந்தப் பெண் இல்லையென்றால் கடைசியில் சொன்னது ஒன்றரையாகியிருக்கும். வார நாட்களில் மாலை ஆறு மணிக்கு முன் சென்றால் காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளி, சனி இரவுகளில் கீழ்த்தளத்திலிருந்து பலர் மேலே ஏறி வருவதால், மேலே சொன்ன நிலைமையைச் சந்திக்க வாய்ப்பு அதிகம்.

நான்காம் நாள் அந்த ஐம்பது வயது டீலர் மறுபடி எங்கள் மேஜைக்கு வந்தார். என்னை அடையாளம் கண்டு தலையசைத்தார். இருபது நிமிடம் கழித்து, எனக்கு இடப்பக்கம் இருந்தவர் 90 டாலர் பந்தயத்துக்கு எதிரே தவித்துவிட்டு, “என்ன செய்யலாம்?” என்று அவரைப் பார்த்தார். டீலர் வாயைத் திறந்தார், மூடினார், இரண்டு விரலால் மேஜையைத் தட்டி, “உங்கள் முறை, சார்” என்றார்.